தலை எண்ணும் புதன்

அக்டோபர் மாதம் முதல் புதன்கிழமை எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு வகுப்பில் உட்கார்ந்திருக்கிற தலை ஒன்றுக்கு இவ்வளவு என்று மாநிலம் பணம் தரும். வருஷம் பூராவும் பள்ளிக்கூடம் அதை வைத்துத்தான் வயிற்றைக் கழுவ வேண்டும். அதனால் அன்றைக்கு ஒரு நாள் பிள்ளைகளுக்கு ராஜ உபசாரம். காலையில் டோனட், மத்தியானம் பீட்சா, வந்தவர்கள் பெயரையெல்லாம் குலுக்கிப் போட்டு ஒருவருக்கு சைக்கிள். மற்ற நாட்களில் அதே பிள்ளைகள் ஓட்டைச் சன்னலுக்குப் பக்கத்தில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள், ஏனென்று கேட்க நாதியில்லை.

ஹெம்லாக் க்ரீக் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் நம்பர் பஸ்ஸை ரீட்டா நிஸ்கலா பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள். செம்புச் சுரங்கம் ஓடிய காலத்தில் அந்தப் பள்ளிக்கூடத்தில் அறுநூறு பிள்ளைகள். சுரங்கம் மூடி, மரமறுக்கும் மில்லும் மூடி, போக வழியுள்ளவர்கள் போய்விட்டார்கள். மிச்சமிருப்பது மரம் வெட்டுகிறவர்களும், அவர்களுடைய லாரியை ரிப்பேர் செய்கிறவர்களும், இருவருக்கும் சாராயம் ஊற்றுகிறவர்களும்தான். போன வருஷம் எண்ணியபோது நூற்றொன்பது தலை.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் ஹார்லன் ஆபீஸ் அறைக்கு ரீட்டாவைக் கூப்பிட்டார். தலைமையாசிரியர் என்று பெயர்தானே தவிர, நிர்வாகி அவர்தான், கூடைப்பந்து பயிற்சியாளர் அவர்தான், கொதிகலன் நின்றுபோனால் ஸ்பானரோடு கீழே இறங்குகிறவரும் அவர்தான். ஆபீஸ் கிளார்க் லோர்னா கணக்குத் தாள்களுக்கு நடுவே மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"நூறுக்குக் கீழ இறங்குச்சுன்னா இந்த வருஷத்தோட சரி, ரீட்டா. ஏரிக்கரைப் பள்ளிக்கூடத்தோட சேர்த்துருவாங்க" என்றார் ஹார்லன்.

"சேர்த்தா என் தூரத்து ஸ்டாப்புப் பிள்ளை காலையில அஞ்சு மணிக்கு பஸ் ஏறணும். அதுக்கு அந்தப் பிள்ளை பஸ்லயே குடித்தனம் பண்ணிக்கலாம்."

"அதான் சொல்றேன். புதன்கிழமை ஒரு தலை விடாதே. ஆரன் அடி, கதவைத் தட்டு, காலைப் பிடி, என்ன வேணா பண்ணு."

"தலைக்கு எல்லா ஊருக்கும் ஒரே காசுன்னு சொல்லி, அதுதான் நியாயம்னு தலைநகர்ல மார் தட்டிக்கிறாங்க" என்றாள் லோர்னா. "ஏரிக்கரையில பிள்ளைங்க ரோட்டைத் தாண்டினா வகுப்பு. நம்ம ரீட்டா பத்தொன்பது பிள்ளைக்காக ஒரு நாளைக்கு நூத்தி எண்பது மைல் ஓட்டறா. தலை ஒண்ணுதான், ரோடு ஒண்ணா?"

"கட்டடத்துக்கு அவங்கவங்க நிலவரியில எடுத்துக்கோன்னு வேற சொல்லிட்டானுக" என்றார் ஹார்லன். "அவங்க கரை பூரா சிகாகோக்காரன் கோடை வீடு. ஒரு வீட்டு வரி நம்ம ஊர்ல ஒரு தெரு வரி. நீச்சல்குளம் கட்டறாங்களாம்."

"ஏரிக்கரையில இருக்கறவனுக்கு எதுக்கு நீச்சல்குளம்?" என்று ரீட்டா கேட்டாள். மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது?

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் மான்கறிக் குழம்பு. ரீட்டாவின் புருஷன் டுவேன் மரம் வெட்டுகிற இடத்திலிருந்து வந்து, பூட்ஸைக் கழற்றி, கையில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். மகள் கைஸாவுக்கு ஒன்பது வயது. கறுப்பு ரொட்டியைக் குழம்பில் முக்கி வைத்துவிட்டு அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, ரொட்டி நீந்துதான்னு பாக்கறியா?" என்றாள் ரீட்டா.

"வயிறு வலிக்குதும்மா. தொப்புள்கிட்ட."

"என்ன தின்ன?"

"ஒண்ணும் தின்னல. ஸ்கூல்ல குடுத்த உருளைக்கிழங்கு மட்டும்."

"அதுதான்" என்றான் டுவேன். "அந்தக் கிழங்கு நான் படிக்கிறப்பவே வடிச்சு வச்சதா இருக்கும்."

எங்கள் ஜனங்களுக்கு உடம்புக்கு எது வந்தாலும் முதல் வைத்தியம் சவுனா. சனிக்கிழமை மட்டும் அடுப்பு மூட்டுகிற வெந்நீராவிக் குடிலுக்கு அன்று செவ்வாய்க்கிழமையே விறகு போட்டாள் ரீட்டா. டாக்டரிடம் போகவேண்டுமென்றால் எழுபது மைல்; குடில் கொல்லையில் இருக்கிறது. கல்லில் தண்ணீர் ஊற்றி, ஆவி மேலே எழும்ப, மகளை மடியில் சாய்த்துக்கொண்டு வயிற்றை நீவிக்கொடுத்தாள். கொஞ்சம் தேவலை என்றாள் கைஸா. பிறகு வெளியே வந்து பனிப்புல்லில் வாந்தி எடுத்தாள்.

படுக்க வைத்துவிட்டு வந்ததும் டுவேன் சொன்னான், "நாளைக்கு வீட்டுல இருக்கட்டுமே. நான் வேணா மத்தியானத்தோட வந்துடறேன்."

"நாளைக்கா? நாளைக்கு என்ன நாள்னு தெரியும்ல?"

"தெரியும். ஒரு தலை கொறஞ்சா வானம் இடிஞ்சு விழுந்துருமா?"

"ஊர்ல இருக்கற பிள்ளைய எல்லாம் கதவைத் தட்டி இழுத்துக்கிட்டுப் போகப்போறேன். என் பிள்ளைய மட்டும் போர்வைக்குள்ள வச்சுட்டுப் போனா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவங்ககிட்டக் கேக்கறது? நீயே சொல்லு."

டுவேன் எழுந்து அடுப்பில் இன்னொரு கட்டை போட்டான். அவன் வாதம் பண்ணுகிற ஆளில்லை. ரீட்டா நேர்மைக்காரி, அந்த நேர்மைக்கு அவன் பதினாலு வருஷமாகப் பழகியிருந்தான்.

புதன்கிழமை விடியும்போதே பனியும் மழையும் கலந்து கொட்டியது. ரீட்டா பஸ்ஸைச் சுற்றி வந்து விளக்கு, டயர், கதவு என்று வழக்கமாகப் பார்க்கவேண்டியதை எல்லாம் பார்த்து, தன் ஆசனத்துக்குப் பின்னால் முதல் சீட்டில் கைஸாவை உட்காரவைத்தாள். மடியில் ஐஸ்கிரீம் வாங்கிய பிளாஸ்டிக் வாளி. வலி இப்போது வலதுபக்கம் கீழே இறங்கியிருந்தது. பஸ் குண்டு குழியில் ஏறி இறங்கும்போதெல்லாம் பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு ரீட்டா குழி வரும் இடங்களில் நத்தை மாதிரி ஓட்டினாள். அந்த ரோட்டில் குழி இல்லாத இடத்தை எண்ணிவிடலாம்.

ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆரனை அழுத்தினாள். முடி சீவாமல், ஒற்றைக் காலுறையோடு, வாயில் ரொட்டியோடு பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

"மிஸ் ரீட்டா, இன்னிக்கு நான் வந்தா எனக்கு எவ்வளவு தருவாங்க?" என்று ஒரு பெரிய பெண் கேட்டாள்.

"ஏழாயிரம் டாலர் சொச்சம்."

"அதுல பாதிய எங்கிட்ட குடுங்க, தினமும் வர்றேன்."

"ஏறுடி வாயாடி."

பதினாலாவது ஸ்டாப், ஜானெல் என்கிற இளம் தாயின் டிரெய்லர் வீடு. முதல் வகுப்புப் படிக்கும் இரட்டைப் பெண்பிள்ளைகள். யாரும் வெளியே வரவில்லை. ரீட்டா பஸ்ஸை நிறுத்திவிட்டு, சேற்றில் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினாள். ஜானெல் இடுப்பில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கதவைப் பாதி திறந்தாள்.

"ரெண்டுக்கும் காய்ச்சல், ரீட்டா. ராத்திரி பூரா இருமல். அனுப்ப மாட்டேன்."

"ரெண்டு தலை, ஜானெல். கொண்டாந்து உட்கார வச்சாப் போதும், நான் பாத்துக்கறேன்."

"காய்ச்சலோட எப்படி அனுப்பறது?"

"பஸ்ல எட்டிப் பாரு. என் பிள்ளை வயித்து வலியோட வாளிய மடியில வச்சுக்கிட்டு வந்திருக்கா. உன் பிள்ளைங்க என்ன மகாராணி வீட்டுப் பிள்ளைங்களா? ஸ்கூலை மூடின பிறகு அந்த அஞ்சு மணி பஸ்ஸுக்கு நீதான் இருட்டுல நிக்கப்போற. அப்ப என்கிட்ட வந்து அழாதே."

ஜானெல்லின் முகம் சிவந்துவிட்டது. "நான் மாட்டேன்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பஸ்ஸில் ஏறும்போது ரீட்டா வாய்க்குள் அவளைத் திட்டினாள். இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஊர் என்ற நினைப்பே இல்லை என்று அவளுக்கு மனது கொதித்தது.

பத்தொன்பதில் பதினேழைக் கொண்டுவந்து சேர்த்தாள். கைஸா அந்தப் பதினேழில் ஒன்று.

முதல் மணியில் நான்காம் வகுப்பு ஆசிரியை பெயர் வாசித்தபோது கைஸா "இருக்கேன்" என்றாள். இரண்டாம் மணியில் டெஸ்கின் மேல் வாந்தி எடுத்தாள். மருந்தறைக்குக் கூட்டிப்போனார்கள். மருந்தறையில் ஒரு கட்டில் உண்டு, ஒரு அலமாரி உண்டு, நர்ஸ் கிடையாது. நான்கு பள்ளிக்கூடத்துக்கு ஒரே நர்ஸ். இங்கே அவள் வருவது வியாழக்கிழமை. ஏரிக்கரையில் ஐந்து நாளும் ஒருத்தி இருக்கிறாள், பெண்பிள்ளைகளுக்குப் பேச்சுத் துணைக்கு என்று இன்னொருத்தியும் இருக்கிறாளாம். இங்கே கட்டிலின் பாதியில் பழைய பாடப்புத்தகப் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். லோர்னா பெட்டிகளை நகர்த்திப் பிள்ளையைப் படுக்கவைத்தாள். பிறகு அவளும் ஓடவேண்டியிருந்தது; அன்றைக்கு ஆபீஸில் எட்டுக் கை இருந்தாலும் போதாது.

ரீட்டா பக்கத்தில் உட்கார்ந்து மகளின் நெற்றியில் ஈரத்துணி போட்டாள். பத்தரை மணிக்குக் கைஸா திடீரென்று கண்ணைத் திறந்தாள்.

"வலி போயிடுச்சும்மா."

"நிஜமாவா?"

"ம். படக்குனு போயிடுச்சு."

ரீட்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. மகளின் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். "பாத்தியா, நேத்து சவுனா போட்டது இப்பத்தான் வேலை செய்யுது" என்றாள். "தூங்கு கண்ணு. வீட்டுக்குப் போயிடலாம். ஆனா மத்தியானம் இன்னொரு தடவை பேர் வாசிப்பாங்களாம். அதுவரைக்கும் இரு, என் தங்கம்."

"பீட்சா எனக்கு எடுத்து வை."

"ரெண்டு துண்டு எடுத்து வைக்கறேன்."

ரீட்டா வெளியே போய் பஸ்ஸைப் பெருக்கினாள். சேற்றைக் கழுவினாள். பாட்டு வாயில் வந்தது. பத்தரையிலிருந்து ஒன்றேகால் வரை அவள் சந்தோஷமாக இருந்தாள். அந்த இரண்டே முக்கால் மணி நேரத்துக்காகத்தான் பிற்பாடு அவளால் தன்னை மன்னிக்க முடியவில்லை.

ஒன்றேகாலுக்கு லோர்னா கோட்டுகூடப் போடாமல் பஸ் நிறுத்தத்துக்கு ஓடிவந்தாள். "ரீட்டா, பிள்ளை ஒரு மாதிரி இருக்கா. வா, சீக்கிரம் வா."

கைஸா முழங்காலை மடக்கிக் கிடந்தாள். உதடு வெளிறி, உடம்பு நெருப்பாகக் காய்ந்தது. வயிறு பலகைபோல இறுகியிருந்தது. விரல் பட்டதும் கத்தினாள். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார்கள். எங்கள் ஊர் ஆம்புலன்ஸை ஓட்டுகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள். இரண்டு பேரும் காட்டில் மரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாற்பது நிமிஷமாகும் என்றார்கள்.

"நான் கொண்டுபோறேன்" என்றாள் ரீட்டா.

"மூணு மணி பஸ்?" என்று ஹார்லனின் வாயில் வந்துவிட்டது. சொன்ன வேகத்திலேயே அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "போம்மா, போ. பஸ்ஸை நான் ஓட்டறேன்."

ரீட்டா காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிவந்திருந்த தன் பிக்அப் வண்டியை எடுத்தாள். லோர்னா பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டாள். எழுபது மைல். எதிரே மர லாரிகள் சேற்றை வாரி அடித்துக்கொண்டு வந்தன. பாதிவழியில் பனி தடித்துக் கண்ணாடியை மறைத்தது. கைஸா இரண்டு தடவை தண்ணீர் கேட்டாள். பிறகு, "என் பேரை வாசிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"வாசிச்சாங்க" என்றாள் லோர்னா. "நான் எழுதிட்டேன் கண்ணு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் இளவயதுக்காரர். குடல்வால் வெடித்து, சீழ் வயிறு பூரா பரவிவிட்டது என்றார். ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்முன் கேட்டார், "வலி நடுவுல நின்னுச்சா?"

"பத்தரைக்கு நின்னுச்சு. சுத்தமா நின்னுடுச்சு. நல்லாயிட்டான்னு நெனச்சேன்."

டாக்டர் தலையாட்டினார். "அப்பத்தான் வெடிச்சிருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

காட்டில் செல்போன் எடுக்காது. டுவேனுக்கு ஆள் போய்ச் சொல்லி, அவன் வந்து சேர்ந்தபோது ஐந்து மணி. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டரில் கொண்டுபோகலாமென்று வியாழக்கிழமை பேசினார்கள். ஏரியிலிருந்து எழும்பிய பனிப்புயல் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மற்ற நாளாக இருந்தால் ரீட்டாவின் பஸ் பாதிவழி போயிருக்கும் நேரத்தில், கைஸா செத்துப்போனாள்.

ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். சொன்னவன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்கலாம்.

ஊர் முழுக்க மாதாகோயிலுக்கு வந்தது. வீட்டு வாசலில் பாத்திரம் பாத்திரமாகச் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கறியும் கிழங்கும் வைத்து மடித்த பாஸ்டி, ஏலக்காய் ரொட்டி, மக்ரோனி. எல்லாம் ஆறிப்போய் மேசையில் கிடந்தன. ஜானெல் இருமல் நின்ற இரட்டைப் பிள்ளைகளை இரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள். ரீட்டாவைக் கட்டிக்கொண்டு அவள்தான் ஓவென்று அழுதாள். ரீட்டா அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

டுவேன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'நான் அன்னைக்கே சொன்னேன்' என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை. வேலைக்குப் போகாமல் கொல்லையில் விறகு பிளந்தான். மூன்று குளிர்காலத்துக்குப் போதுமான விறகு சேர்ந்தபிறகும் பிளந்தான்.

"கோடாலிய வை டுவேன். என்னைத் திட்டு" என்று ஒரு நாள் ரீட்டா கேட்டாள்.

"திட்டினா?"

"திட்டு."

"நானும்தான வீட்டுல இருந்தேன்" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினான்.

மூன்றாவது வாரம் ரீட்டா வேலைக்குத் திரும்பினாள். மாற்று டிரைவர் இல்லை. அதுவரை ஹார்லன்தான் ஓட்டினார், அந்த நேரத்தில் அவர் எடுக்கவேண்டிய வகுப்புகளில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவள் வந்து நின்றபோது பிள்ளைகள் பேசாமல் ஏறினார்கள். முதல் சீட்டில் ஒருவரும் உட்காரவில்லை. வாயாடிப் பெண்கூட "குட்மார்னிங், மிஸ் ரீட்டா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானம் பஸ் சாவிக்காக ஆபீஸுக்குள் போனாள். லோர்னா முதுகைக் காட்டி உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"...அதெல்லாம் கவலைப்படாதே, ஜானெல். ரெண்டும் திரும்ப வந்துடுச்சுல்ல, கணக்குல சேர்த்தாச்சு. காய்ச்சல்னு ஒரு சீட்டு மட்டும் எழுதி அனுப்பு. உடம்பு சரியில்லாமப் போனா முப்பது நாளுக்குள்ள என்னிக்கு வந்தாலும் அது வந்த தலைதான். சஸ்பெண்ட் ஆன ஒரு பையன்கூட இன்னும் வரல, நவம்பர் ரெண்டு வரைக்கும் டயம் இருக்கு..."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். ரீட்டா நிலைப்படியில் நின்றாள்.

"என்ன சொன்ன?"

"ரீட்டா..."

"முப்பது நாள்னா? அன்னிக்கு வரலைன்னாலும் எண்ணுவாங்களா?"

லோர்னா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "சீட்டு இருந்தா எண்ணுவாங்க. பிற்பாடு ஒரு நாள் வந்தாப் போதும்."

"எப்பலேருந்து?"

"எப்பவுமே அப்படித்தான்."

"பதினோரு வருஷமா ஓட்டறேன். எனக்கு ஏன் யாரும் சொல்லல?"

"ட்ரைவருங்களுக்குச் சொல்லவேணாம்னு ஹார்லன் சொல்லுவாரு. சொன்னா அன்னிக்கு ஆள் கொறஞ்சுரும், அப்புறம் ஒவ்வொண்ணா தேடிப் பிடிச்சு சீட்டு வாங்கணும், மாநிலத்துக்காரன் அதுல ஆயிரம் நொட்டை சொல்லுவான்னு. கெட்ட எண்ணம் இல்ல ரீட்டா. நான்... அன்னிக்கு பிள்ளைய அந்தக் கட்டில்ல படுக்க வச்சேன். அப்பவே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு உன்கிட்ட சொல்லியிருக்கலாம். வேலை மும்முரத்துல எனக்குத் தோணவே இல்ல. கடவுள் சத்தியமா தோணல."

லோர்னா அழுதாள். ரீட்டா அழவில்லை. உள் அறையில் ஹார்லன் இருந்தார். கதவு திறந்துதான் கிடந்தது. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ஆனால் அவர் வெளியே வரவில்லை.

"மொத்தம் எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டாள் ரீட்டா.

"நூத்தி நாலு."

"கைஸாவோட சேர்த்தா?"

"ஆமா. அன்னிக்கு இருந்தாள்ல. அவ கணக்குல இருக்கா."

"அவளுக்குக் காசு வருமா?"

"வருஷம் பூரா வரும்" என்றாள் லோர்னா, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப அந்தக் காசை வச்சு அந்த நர்ஸைப் புதன்கிழமையும் வரச் சொல்லுங்க."

லோர்னா கணக்குத் தாளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, பொய் சொல்ல மனம் வராமல், சொன்னாள்:

"வர்றதெல்லாம் டீசலுக்கு ஒதுக்கியாச்சு, ரீட்டா. உன் பஸ்ஸுக்குத்தான்."

மணி மூன்றடித்தது. கோட்டை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் நடையில் வந்து நின்றார்கள். ரீட்டா ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய் பஸ்ஸைக் கிளப்பினாள்.